‘அந்த ஃபைலை மட்டும் அனுப்பிடுங்க அக்கா!’

வீட்டிலிருந்தபடி தோடும் கீ செயினும் விற்பவர்களைத் திணறடிக்கும் ஒரு கோரிக்கை... கொடுப்பதா, மறுப்பதா, விலை சொல்வதா?

பார்சல் போய்ச் சேர்ந்து, "ரொம்ப அழகா இருக்கு அக்கா" என்ற பாராட்டும் வந்த பிறகுதான் பெரும்பாலும் அந்தச் செய்தி வருகிறது. "இந்த டிசைனோட ஃபைலை மட்டும் அனுப்பிடுங்களேன், ப்ளீஸ்." கேட்பவர் இதைச் சின்ன உதவியாகவே நினைக்கிறார். பொருளுக்குப் பணம் கொடுத்தாயிற்று, கம்ப்யூட்டரில் ஏற்கெனவே கிடக்கிற ஒன்றை வாட்ஸ்அப்பில் தட்டிவிட என்ன செலவாகிவிடும் என்பது அவர் கணக்கு. செய்தியைப் படிக்கிற பெண்ணுக்கோ அடிவயிறு பிசைகிறது. முடியாது என்றால் நல்ல வாடிக்கையாளர் கைவிட்டுப் போவார். கொடுத்துவிட்டால் அடுத்த மாதமே அதே தோடு வேறொரு இன்ஸ்டாகிராம் பக்கத்தில் இருபது ரூபாய் குறைவாகத் தொங்கும். என்ன எழுதுவதென்று தெரியாமல், பதிலே போடாமல் விட்டுவிடுகிறவர்கள் பலர். இருப்பதிலேயே மோசமான பதில் அதுதான்.

இந்தச் சங்கடம் ஏன் இப்போது இவ்வளவு பெரிதாகிவிட்டது என்பதற்குக் காரணம் இருக்கிறது. லேசர் கட்டிங் கடைகள் சென்னை, கோவை, மதுரையைத் தாண்டிச் சிறு நகரங்களுக்கும் வந்துவிட்டன. சாதாரண 3டி பிரிண்டர் ஒன்று நல்ல செல்போன் விலைக்கே கிடைக்கிறது. சௌகார்பேட்டையில் கொக்கியும் வளையமும் மொத்தமாக வாங்கி, மடிக்கணினியில் வரைந்து, பக்கத்து லேசர் கடையில் நிமிஷக் கணக்குக்கு வெட்டி, சாயம் பூசி விற்கிற பெண்கள் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். வளைகாப்புக்கு நூறு கீ செயின், கொலுவுக்கு ஐம்பது குங்குமச் சிமிழ், கல்லூரி விழாவுக்கு பேட்ஜ் என்று ரிட்டர்ன் கிஃப்ட் ஆர்டர்களில் ஓடுகிறது அவர்கள் தொழில்.

அந்தத் தொழிலில் அப்படி ஒரு பெண்ணுக்கென்று சொந்தமாக என்ன இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். இயந்திரம் கடைக்காரருடையது. எம்டிஎஃப் பலகையும் அக்ரிலிக்கும் யாருக்கும் கிடைப்பவை. கொக்கியை எல்லோரும் ஒரே இடத்தில்தான் வாங்குகிறார்கள். பாக்கி இருப்பது அந்த ஒரு ஃபைல். அதையும் கொடுத்துவிட்டால், அடுத்தவருக்கும் அவருக்கும் வித்தியாசம் இல்லாமல் போகிறது. அதனால்தான் அந்தச் செய்தியைப் பார்த்ததும் வயிறு பிசைகிறது. அந்த பயத்தில் நியாயம் இருக்கிறது.

ஒரு பெயருக்குள் ஒன்பது துண்டு

கேட்பவர்களுக்கு ஃபைல் என்றால் ஒரு படம். வேலை செய்தவருக்கு அது என்னவென்று தெரியவேண்டுமானால், தமிழில் பெயர் வெட்டிய ஒரு டாலரை எடுத்துக்கொண்டால் போதும்.

ஆங்கிலத்தில் பெயர் கேட்டால் வேலை சுலபம். எழுத்துகள் ஒன்றோடொன்று கோத்துவருகிற கூட்டெழுத்து ஃபான்ட்டுகள் எத்தனையோ இருக்கின்றன. ‘கார்த்திக்’ என்று தமிழில் கேட்டுப் பாருங்கள். வழக்கமான ஃபான்ட்டில் அந்தப் பெயர் ஒன்பது தனித்தனித் துண்டுகள். க ஒன்று, அதன் கால் ஒன்று, ர, த, தி, க, இவற்றோடு மூன்று புள்ளிகள். அப்படியே லேசருக்கு அனுப்பினால் ஒன்பதும் தனித்தனியாகக் கீழே உதிரும். மூன்று புள்ளிகளும் சாம்பலோடு சேர்ந்து குப்பைக்குப் போய்விடும். ஆகவே வரைகிறவர் கால்களை எழுத்தோடு இணைக்கவேண்டும், புள்ளியைச் சின்ன வளையமாக்கி எழுத்தின் உச்சியில் ஒட்டவைக்கவேண்டும் அல்லது மேலே ஒரு கோடு ஓடவிட்டு எல்லாவற்றையும் அதில் தொங்கவிடவேண்டும். அப்படிச் செய்தபிறகும் எழுத்து எழுத்தாகத் தெரியவேண்டும். ர் என்பது ரா மாதிரியோ, புள்ளிவளையம் சங்கிலி மாட்டுகிற வளையம் மாதிரியோ தெரிந்துவிடக் கூடாது. இணைக்கிற பாலம் மெலிந்துபோனால் அக்ரிலிக் பட்டென்று முறியும், தடித்துப்போனால் எழுத்து அவலட்சணமாகும்.

இதற்கு நேர்மாறான சிக்கல் இன்னொன்று. பலகையில் எழுத்தை ஓட்டையாகக் குடைந்தெடுக்கச் சொன்னால், க, ண போன்ற எழுத்துகளின் மூடிய வயிற்றுப்பகுதி பலகையிலிருந்து கழன்று விழுந்துவிடும். அதைப் பிடித்துநிறுத்த வயிற்றுக்குள்ளேயே சின்னப் பாலம் வைக்கவேண்டும். எங்கே வைத்தால் கண்ணை உறுத்தாது என்பது ஃபான்ட்டுக்கு ஃபான்ட் மாறும். இதைச் சொல்லித்தரும் மென்பொருள் இல்லை. இரண்டு மூன்று தடவை வெட்டி, முறித்து, திருத்தித்தான் வருகிறது.

லேசர் கதிருக்கும் அகலம் உண்டு. அது போகிற வழியில் சுமார் 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் வரை எரிந்துபோகும். ஒரு துண்டில் இன்னொரு துண்டைச் செருகுகிற ஸ்டாண்டோ பெட்டியோ செய்தால் அந்த எரிப்பையும் கழித்துத்தான் பள்ளத்தின் அளவை வரையவேண்டும். 3 மில்லிமீட்டர் பலகை என்று கடையில் தருவது சரியாக 3 மில்லிமீட்டராக இருப்பதும் இல்லை. ஆக, முடிந்த ஃபைல் என்பது ஒரு குறிப்பிட்ட பலகைக்கு, ஒரு குறிப்பிட்ட இயந்திரத்துக்கு, பலமுறை வெட்டிப் பார்த்துப் பொருத்திய ஒன்று.

கோவை நகைப் பட்டறைகளோடு வேலை செய்கிற 3டி வடிவமைப்பாளர்களிடமும் இதே கதைதான். மெழுகில் அச்செடுத்து வார்க்கும்போது உலோகம் சுருங்கும், பாலிஷ் போடும்போது தேயும், கல் உட்காரும் குழிக்கு விளிம்பு வேண்டும். அத்தனையும் எஸ்டிஎல் என்ற 3டி ஃபைலுக்குள் கணக்குப் போட்டு வைக்கப்பட்டிருக்கிறது.

இதிலிருந்து மறுப்பதற்கு ஒரு நேர்மையான காரணமும் கிடைக்கிறது. ஃபைல் கைமாறியவுடன் வேலை முடிவதில்லை. எஸ்டிஎல் ஃபைலில் அலகு பதிவாவதே கிடையாது. மில்லிமீட்டரா அங்குலமா என்பதைத் திறக்கிறவர்தான் சொல்லவேண்டும். எஸ்விஜி ஃபைல் ஒரு மென்பொருளில் ஒரு அளவாகவும் இன்னொன்றில் வேறு அளவாகவும் திறக்கும். இன்க்ஸ்கேப் மென்பொருள் 2017-ல் வந்த 0.92 பதிப்பில் தன் அளவுக் கணக்கை அங்குலத்துக்கு 90 புள்ளியிலிருந்து 96-க்கு மாற்றியது. பழைய ஃபைல்கள் அளவு மாறித் திறந்து பலரைப் படுத்தின. வாங்கிப்போனவர் வேறு கடையில், வேறு பலகையில் வெட்டுவார். பொருந்தாது. "உங்க ஃபைல் சரியில்லையே" என்று இரவு பத்து மணிக்குச் செய்தி வரும். நூறு ரூபாய்க்குக் கொடுத்த ஃபைலுக்கு மூன்று நாள் பதில் சொல்லிக்கொண்டிருக்கவேண்டியது யார்?

எதுக்குங்க வேணும்?

கேட்கிறவர்கள் எல்லோரையும் திருடர்களாகப் பார்க்கிற விற்பனையாளர்கள் இருக்கிறார்கள். "காப்பிரைட் இருக்கு, கேஸ் போடுவோம்" என்று எடுத்த எடுப்பில் எழுதிவிடுகிறார்கள். நல்ல மனதோடு கேட்டவர் முகத்தில் அறைந்தது போல் ஆகிவிடுகிறது. கேட்கப்படும் காரணங்களை வரிசையாகப் பார்த்தால், பெரும்பாலானவற்றில் ஃபைல் தேவையே இல்லை என்பது புரியும். அதனால் முதல் பதில் ஒரு கேள்வியாகத்தான் இருக்கவேண்டும். "தாராளமா பேசலாம்ங்க. எதுக்காக வேணும்னு சொன்னீங்கன்னா, சரியானதை அனுப்பறேன்." இந்த இரண்டு வரி பாதிச் சிக்கலைத் தீர்த்துவிடும்.

கல்யாணப் பத்திரிகையிலும் அதே அன்னப்பறவை வரவேண்டும், அச்சகத்தில் கேட்கிறார்கள் என்பார் ஒருவர். அவருக்கு வெட்டும் ஃபைல் எதற்கு? அந்தப் பத்திரிகை அளவுக்கு அச்சாகிற ஒரு படம் போதும். அதைத் தாராளமாகக் கொடுக்கலாம், பெயரைச் சின்னதாகப் போடச் சொல்லியும் கேட்கலாம். இன்னொருவரின் கீ செயின் உடைந்திருக்கும், திரும்பச் செய்துகொள்ள நினைப்பார். அவருக்குப் புதிய துண்டை வெட்டி, தபால் செலவு மட்டும் வாங்கி அனுப்பினால் ஆயுசுக்கும் மறக்கமாட்டார். மூன்றாமவர் ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே மாதிரி பார்க்க விரும்புகிறவர். "ஃபைல்" என்று அவர் சொல்வது மாதிரிப் படத்தைத்தான். ஊர்ப்பக்கத்தில் போட்டோ, பிடிஎஃப், கோரல் ட்ராவில் வரைந்தது எல்லாவற்றுக்கும் பொதுவாக ஃபைல் என்கிறார்கள். கேட்காமலே பயந்துவிட்டால் இதுகூடத் தெரியாது.

பள்ளிக்கூடமோ நிறுவனமோ தங்கள் சின்னத்தைக் கொடுத்து பேட்ஜ் செய்யச் சொல்லியிருந்தால், அந்தச் சின்னம் அவர்களுடையது. அதைத் திருப்பிக் கேட்டால் திருப்பிக் கொடுப்பதுதான் முறை. அதை வெட்டுவதற்கேற்ற கோடுகளாக மாற்றிய உழைப்பு உங்களுடையது, அதற்குக் கூலி கேட்பதும் முறை. இரண்டையும் குழப்பிக்கொள்ளவேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து கேட்கிறவர்கள் தனி வகை, இவர்களை நான் அக்கறையோடு கவனிக்கச் சொல்வேன். டொராண்டோவிலோ கோலாலம்பூரிலோ இருக்கிற ஒரு குடும்பத்துக்குக் கொலுவுக்குத் தமிழில் பெயர்ப்பலகை வேண்டும். பொருளின் விலையைவிட அனுப்பும் செலவு அதிகம். அவர்கள் ஊர் நூலகத்திலோ தெரிந்தவர் வீட்டிலோ 3டி பிரிண்டரோ லேசரோ இருக்கிறது. புள்ளி உதிராத தமிழ்ப்பெயரை வரைந்துதர அங்கே ஆள் கிடைப்பது கஷ்டம். இங்கே ஃபைலை மறுப்பது கைக்கு வந்த வியாபாரத்தைத் தள்ளிவிடுவது. ஃபைலையே பண்டமாக்கி, சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்று எழுதி, நல்ல விலைக்கு விற்கலாம். எட்ஸி போன்ற தளங்களில் உலகம் முழுக்க இப்படி விற்கிறார்கள்.

மீதி இருப்பவர்கள் இரண்டு பேர். மொத்தமாக இருநூறு வேண்டும், வேறு கடையில் மலிவாக வெட்டிக்கொள்கிறேன் என்பவர். நானும் விற்கப்போகிறேன் என்பவர். இந்த இரண்டாமவர் உண்மையைச் சொல்லிவிட்டுக் கேட்டால் அவரை மதிக்கவேண்டும். சொல்லாமல் எடுப்பது அவ்வளவு சுலபமாக இருக்கும்போது அவர் கேட்டிருக்கிறார்.

விலையை எப்படிச் சொல்வது? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தோடு ஜோடி 150 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். பலகை, லேசர் நிமிஷம், சாயம், கொக்கி, அட்டை, கவர் எல்லாம் 70 ரூபாய். கைவேலைக்கு 50. மீதி 30 ரூபாய் டிசைனுக்கு. வரையவும் வெட்டித் திருத்தவும் 3,000 ரூபாய் ஆகியிருந்தால், நூறு ஜோடி விற்ற பிறகுதான் அந்த டிசைன் தன் செலவை மீட்கிறது. அதே ஃபைலை "சும்மா ஒரு நூறு ரூபா" என்று கொடுத்தால், மூன்று ஜோடியின் டிசைன் பங்கைத்தான் வாங்கியிருக்கிறீர்கள். இருநூறு வெட்டப்போகிறவரிடம் இருநூறு முப்பது, 6,000 ரூபாய் என்று பேச்சைத் தொடங்கலாம். விற்கும் பாடும் முதலும் அவருடையது என்பதால் பாதிக்கு இறங்கினாலும் தவறில்லை. பேசப்பேசத் தொகை மாறட்டும், ஆனால் கணக்கு எங்கிருந்து தொடங்குகிறது என்பது உங்கள் மனதில் தெளிவாக இருக்கவேண்டும்.

சட்டம் எந்தப் பக்கம்?

பழைய போட்டோ ஸ்டூடியோக்களை நினைவிருப்பவர்களுக்கு இது புரியும். பிரிண்ட் வாடிக்கையாளருக்கு, நெகட்டிவ் ஸ்டூடியோவுக்கு. மறுபடி காப்பி வேண்டுமென்றால் பின்பக்கத்து எண்ணைச் சொல்லி அங்கேயே வரவேண்டும். டிசைன் ஃபைலும் அப்படித்தான் என்று பல விற்பனையாளர்கள் சொல்கிறார்கள். வழக்கம் என்ற அளவில் சரி. சட்டமோ வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கிறது.

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, வரைந்தவரே முதல் உரிமையாளர் என்பது பொது விதி. பதிவு செய்யவேண்டிய கட்டாயம் இல்லை. வரைந்த கணமே உரிமை பிறக்கிறது, வரைந்தவர் காலத்துக்குப் பின்னும் 60 ஆண்டு நீடிக்கிறது. தட்டையாக வரைந்ததை முப்பரிமாணத்தில் செய்யும் உரிமையும் அவருக்குத்தான் என்று 14-வது பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. ஆனால் 17-வது பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படம், வரையச் சொன்ன ஓவியம், உருவப்படம் போன்றவற்றுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், சொன்னவரே முதல் உரிமையாளர். ஆகவே ஸ்டூடியோவில் காசு கொடுத்து எடுத்துக்கொண்ட படத்தின் பதிப்புரிமை, நெகட்டிவ் எங்கே இருந்தாலும், பெரும்பாலும் எடுக்கச் சொன்னவருக்கு உரியது. இன்று தம்பதி முகத்தைக் கார்ட்டூனாக வரைந்து ரெசின் கீ செயினில் பதித்துக் கொடுக்கிறார்களே, அந்த உருவப்படமும் இந்த விலக்குக்குள் வர வாய்ப்பு உண்டு. அப்படி வரைகிறவர்கள், உரிமை யாருக்கு என்று ஆர்டர் எடுக்கும்போதே எழுதிக்கொள்ளவேண்டும். உரிமையைப் பற்றிப் பேசும் அந்தப் பிரிவு, கோரல் ஃபைலை ஒப்படைப்பது பற்றித் தனியாக எதுவும் சொல்வதில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

பலரும் அறியாத இன்னொரு இடம் 15-வது பிரிவு, பெரும் அடி அங்கேதான் விழுகிறது. வடிவமைப்புச் சட்டத்தில் பதிவு செய்யத்தக்க ஒரு டிசைனைப் பதிவு செய்யாமல் விட்டு, தொழிற்சாலை முறையில் 50 தடவைக்கு மேல் பொருளாக்கிவிட்டால், அந்த டிசைனுக்கான பதிப்புரிமை முடிந்துபோகிறது. ஐம்பது! ஒரே வளைகாப்பு ஆர்டரில் தாண்டிவிடும் எண்ணிக்கை. பெரிய நிறுவனங்களே இதில் மாட்டியிருக்கின்றன. ரிது குமார் பெயரில் ஆடை விற்கும் ரித்திகா நிறுவனம், தன் டிசைன்களைப் பயன்படுத்தியதாக பீபா நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டது. 2016 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் இந்த 15-வது பிரிவைக் காட்டியே வழக்கைத் தள்ளியது. அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன் அதே நீதிமன்றத்தில் தருண் தஹிலியானியின் நிறுவனம் வென்றிருந்தது. அங்கே அந்த ஆடைகள் 50 எண்ணிக்கையைத் தாண்டவில்லை. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் இந்தப் பிரிவை ஆராய்ந்து, ஒன்று கலைப்படைப்பா, பொருளுக்கான டிசைனா என்பதை ஒவ்வொரு வழக்கிலும் தனியே பார்த்துத்தான் முடிவெடுக்கவேண்டும் என்றது. ஓவியமாகவே நிற்கிற ஓவியத்துக்கு வாழ்வு இருக்கிறது. தோட்டின் வடிவம் என்றே பிறந்த ஒன்றுக்குத்தான் ஆபத்து.

தப்பிக்க வழி 2000-ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டம். பதிவு செய்தால் 10 ஆண்டு பாதுகாப்பு, புதுப்பித்தால் இன்னும் 5. தனிநபர்களுக்கும் சிறு நிறுவனங்களுக்கும் விண்ணப்பக் கட்டணம் 1,000 ரூபாய். நகைக்கும் அணிகலனுக்கும் தனி வகுப்பே உண்டு, 11-வது வகுப்பு. ஆனால் டிசைன் புதியதாக, முன்னால் எங்கும் வெளியாகாததாக இருக்கவேண்டும். இன்ஸ்டாகிராமில் படம் போட்டுவிட்டு, நூறு பேர் விரும்பிய பிறகு பதிவு செய்யப்போனால், அந்தப் படமே உங்களுக்கு எதிரான சாட்சி. ஆண்டுக்கு நூறு டிசைன் போடுகிற ஒருவர் எல்லாவற்றையும் பதிவு செய்யமுடியாது, அவசியமும் இல்லை. பல வருஷம் ஓடும் என்று நம்புகிற ஒன்றிரண்டை, படம் வெளியிடுவதற்கு முன்னால் பதிவு செய்யலாம். மற்றவற்றுக்கு ஃபைலைக் கையில் வைத்திருப்பதுதான் நடைமுறைப் பாதுகாப்பு. சட்டம் கைவிடுகிற இடத்தில்தான் அந்த ஃபைலின் மதிப்பு ஏறுகிறது.

பொதுச்சொத்தைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். மயில், மாங்காய், அன்னம், யாளி, புள்ளிக்கோலம் எதற்கும் யாரும் பட்டா போட முடியாது. "என் மயில் தோட்டைக் காப்பியடித்துவிட்டார்" என்று சண்டைக்குப் போகிறவர்கள், அந்த மயில் தங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று யோசிக்கவேண்டும். அந்த மயிலை நீங்கள் வளைத்த விதம், தோகையைக் குடைந்த விதம், அது உங்களுடையது. அதைத் தாண்டி உரிமை கொண்டாடுவது நூற்றாண்டுகளாக அதை வரைந்து வைத்தவர்களுக்குச் செய்கிற அநியாயம்.

முதலில் அது உங்களுடையதா?

இந்த விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன். பின்ட்ரெஸ்ட்டில் பார்த்த படத்தை கோரல் ட்ராவில் போட்டு, கோடாக மாற்றி, தன் பெயரைப் போட்டு விற்பவர்கள் இந்தத் தொழிலில் குறைவில்லை. டோரேமானும் சினிமா நடிகரின் நிழலுருவமும் கீ செயினாகத் தொங்காத கண்காட்சி இல்லை. அந்த ஃபைலை வாடிக்கையாளருக்குக் கொடுக்க உங்களுக்கும் உரிமை கிடையாது, மறுக்கும்போது "என் உழைப்பு" என்று சொல்லவும் வாய் வராது.

இணையத்தில் இலவசமாக இறக்கிய 3டி மாடல்களில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் போட்டிருக்கும். அதில் வணிகத்துக்குக் கூடாது என்ற நிபந்தனை இருந்தால், அச்செடுத்து விற்பதே தவறு. காசு கொடுத்து வாங்கிய ஃபைல்களில், செய்த பொருளை விற்கலாம், ஃபைலை யாருக்கும் கொடுக்கக்கூடாது என்ற நிபந்தனை வழக்கமாக இருக்கும். ஃபான்ட்டுக்கும் உரிமம் உண்டு. நோட்டோ தமிழ் ஃபான்ட்டுகள் போன்ற திறந்த உரிமம் உள்ளவற்றை வியாபாரத்துக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். யாரோ பென் டிரைவில் கொடுத்த ஃபான்ட் கட்டுக்கு அப்படிச் சொல்லமுடியாது.

இன்னும் ஒன்று. வெளியாளிடம் காசு கொடுத்து வரைந்து வாங்கிய டிசைன் தானாக உங்களுடையதாகிவிடாது. சம்பளத்துக்கு வேலை செய்பவர் வரைந்தால் உரிமை முதலாளிக்கு. தனியாக வேலை எடுத்துச் செய்கிற தம்பி வரைந்தால், எழுதி வாங்காதவரை, பொதுவாக அது அவனுடையது. ஐந்நூறு ரூபாய் ஜிபே பண்ணியது கூலிக்குச் சாட்சி, உரிமை மாற்றத்துக்குச் சாட்சி ஆகாது. சட்டத்தின் 19-வது பிரிவு, உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்கவேண்டும் என்கிறது. அதில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா என்று சட்டமே வைத்துக்கொள்ளும். நீங்கள் உரிமையை விற்கும்போதும் இதே விதிதான். அதனால் பயன்படுத்த அனுமதிப்பதா, உரிமையையே எழுதிக்கொடுப்பதா என்று பிரித்துப் பேசுங்கள். பெரும்பாலான வாடிக்கையாளர்களுக்கு அனுமதியே போதும். அதையும் எழுத்தில் கொடுங்கள்: எந்த டிசைன், எத்தனை எண்ணிக்கை வரை, எதற்கு, மற்றவருக்கு ஃபைலைக் கொடுக்கலாமா கூடாதா. நான்கு வரி போதும். சொந்த உபயோகத்துக்குக் கேட்ட அக்காவிடம் இரண்டு பக்க ஒப்பந்தத்தை நீட்டவேண்டாம்.

கொடுப்பதென்று முடிவானால் எதைக் கொடுப்பது? திருத்தக்கூடிய கோரல் மூலஃபைலை வைத்துக்கொண்டு, எழுத்துகளையெல்லாம் கோடாக மாற்றிய டிஎக்ஸ்எஃப் அல்லது பிடிஎஃப் கொடுக்கலாம். 3டி என்றால் எஸ்டிஎல் போதும், திருத்த வசதியான ஸ்டெப் வடிவம் தேவையில்லை. பலகையின் தடிமன், மொத்த அகலம் எத்தனை மில்லிமீட்டர் என்பதை ஃபைலுக்குள்ளேயே எழுதிவையுங்கள். அளவு மாறித் திறந்தால் வாங்கியவருக்கே தெரிந்துவிடும். ஆர்டருக்கு முன் அனுப்பும் மாதிரியில் மட்டும் கவனம் வேண்டும். வெள்ளைப் பின்னணியில் தட்டையாக, பெரிதாக அனுப்பும் படத்தைச் சில நொடியில் கோடாக மாற்றிவிடலாம். காதில் போட்டது போலவோ, கையில் சாய்த்துப் பிடித்தது போலவோ எடுத்த படம் வாடிக்கையாளருக்கும் நன்றாகப் புரியும், பிரதியெடுப்பவருக்கும் கஷ்டம்.

மறுப்பதென்றால் சுருக்கமாக, மரியாதையாக, அடுத்த வழியோடு மறுக்கவேண்டும். "டிசைன் ஃபைல் வெளியில கொடுக்கறதில்லைங்க, அதை வெச்சுத்தான் எங்க பொழப்பு. இன்னும் எத்தனை வேணும்னு சொல்லுங்க, மொத்தமா எடுத்தா விலை குறைச்சுத் தர்றேன்." இதில் பொய் இல்லை, மிரட்டல் இல்லை. ஃபைல் அழிந்துவிட்டது, லேப்டாப் ரிப்பேர் என்று சாக்குச் சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதே டிசைனை அடுத்த வாரம் பக்கத்தில் போடும்போது அந்தப் பொய் வெளியே வந்துவிடும். வயதில் பெரியவரோ சொந்தக்காரரோ கேட்டால் வாயே திறக்காமல் அனுப்பிவிடுகிற பழக்கமும் நம்மிடம் உண்டு. சித்தி மகளுக்குக் கொடுத்த ஃபைல்தான் பல நேரம் ஊரைச் சுற்றுகிறது. அவர்களிடம், "டிசைன் தரமாட்டேன் சித்தி, பொருளை நானே செஞ்சு தர்றேன்" என்று சொல்ல முடியும். உறவும் உடையாது.

கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவது எல்லாவற்றையும்விட மேல். ஆர்டர் உறுதிசெய்யும் செய்தியில் ஒரு வரி சேருங்கள்: "விலை பொருளுக்கு மட்டும். டிசைன் ஃபைல் தேவைப்பட்டால் தனியாகப் பேசிக்கொள்ளலாம்." அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்னால் இது போய்விட்டால், பின்னால் ஏமாற்றிவிட்டார்கள் என்ற பேச்சுக்கு இடம் இருக்காது. முழுக்க முழுக்கத் தனக்கென வரையச் சொல்லி டிசைன் கூலி தனியாகக் கொடுத்த வாடிக்கையாளருக்கு, ஃபைல் அந்தக் கூலியில் அடங்குமா என்பதை அந்த வரியிலேயே சொல்லிவிடவேண்டும். அவர் தனக்கு வரவேண்டியது என்று நினைப்பதில் தவறே இல்லை.

ஃபைல் கேட்கிறவர்கள் பலர் மனதில் இன்னொரு கவலையும் இருக்கிறது. இந்தப் பக்கம் நாளைக்கு மூடிவிட்டால் என்ன செய்வது என்ற பயம் அது. மகள் பெயரில் செய்த டாலர், ரெண்டாவது குழந்தை பிறந்தால் ஜோடியாக இன்னொன்று வேண்டியிருக்கும். அவர்களுக்கு வேண்டியது ஃபைல் அல்ல, உத்தரவாதம். ஆர்டர் எண், தேதி, பலகையின் வகை, சாயத்தின் நிறம் எழுதி, ஒவ்வொரு ஃபைலையும் இரண்டு இடத்தில் சேமித்துவையுங்கள். அட்டையின் பின்புறம் அந்த எண்ணை எழுதி அனுப்புங்கள். மூன்று வருஷம் வரை இதே டிசைனைத் திரும்பச் செய்துதருவோம், தொழிலை நிறுத்தினால் உங்கள் பெயரில் செய்த டிசைனின் வெட்டும் ஃபைலை உங்களுக்கே அனுப்பிவிடுவோம் என்று எழுதிக் கொடுங்கள். நிறுத்தும் நாள் வந்தால், அந்தப் பட்டியலை எடுத்து ஒவ்வொருவருக்கும் அனுப்புங்கள்.